ஆட்டம் கண்டவர் ஒருவர். பெயர் பெறுபவர் வேறொருவரா?

ஓர் அறை. அதற்குக் கதவு இல்லை. ஜன்னல் இல்லை. உள்ளே போக வழி இருப்பதாகவே தெரியாது.

அந்த அறைக்குள் ஒருவர் தம் பெயரை எழுதி வைத்திருந்தார்!

ஏன் அங்கே போய் எழுதினார்? வெளியே எழுத அவருக்கு இடம் தரவில்லை. அதனால் உள்ளே ஒளித்து வைத்தார்.

இது மாயாஜாலக் கதை அல்ல. அமெரிக்காவில் உண்மையாக நடந்தது. அந்த அறை செங்கல்லால் கட்டிய அறையும் அல்ல. டெலிவிஷன் திரையில் ஆடும் விளையாட்டுக்குள் இருந்த அறை.

எழுதியவர் பெயர் வாரன் ராபினெட். "அட்டாரி" என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் விளையாடாத பிள்ளைகள் இன்று குறைவு. அந்த விளையாட்டுகளைக் கண்டுபிடித்தவர் யார்? அவருக்கு யோசனை கொடுத்தவர் யார்? அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? உலகம் எங்கும் இது பெரிய வழக்காக இருக்கிறது. அந்த வழக்கு ராபினெட்டின் அறையைப் போன்ற இடங்களில்தான் தொடங்கியது.

ஒரு சிறு புள்ளி

ராபினெட் செய்த விளையாட்டின் பெயர் "அட்வென்சர்". சாகசம் என்று பொருள். கோட்டை உண்டு, வாள் உண்டு, துரத்தி வரும் டிராகன் உண்டு. 1980-ம் ஆண்டில் அது கடைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு விளையாட்டை ஒரே ஆள்தான் செய்வார். கதை அவருடையது. படம் அவருடையது. சத்தமும் அவருடையது. ஆனால் பெட்டியின் மேல் அவர் பெயர் இருக்காது. கம்பெனியின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ராபினெட்டின் சம்பளம் ஆண்டுக்கு சுமார் 22 ஆயிரம் டாலர். அவர் செய்த விளையாட்டோ 10 லட்சம் பிரதிகள் விற்றது! லாபத்தில் அவருக்குப் பங்கு இல்லை. பெயரும் இல்லை.

ராபினெட் சண்டை போடவில்லை. விளையாட்டுக்குள் ஒரு சிறு புள்ளியை வைத்தார். பின்னணியின் நிறமே அதன் நிறம். அதனால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புள்ளியைத் தேடி எடுத்துக் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோனால் சுவர் வழிவிடும். உள்ளே போனால், "இதைப் படைத்தவர் வாரன் ராபினெட்" என்ற பொருள் தரும் எழுத்துக்கள் மின்னும்.

யாரிடமும் சொல்லாமல் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். விளையாட்டு விற்பனைக்கு வந்த பிறகு ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்துவிட்டான். கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். அப்போதுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது!

கம்பெனி பெயரை அழிக்கவில்லை. ஈஸ்டர் பண்டிகையில் பிள்ளைகள் ஒளித்து வைத்த முட்டைகளைத் தேடுவார்கள் அல்லவா? விளையாட்டில் ஒளித்து வைக்கும் வேடிக்கைகளுக்கும் "ஈஸ்டர் முட்டை" என்ற பெயர் நிலைத்தது. இன்று அதை வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். அன்று அது ஒரு மனிதரின் மனக்குறை.

நான்கு பேர் வெளியேறினார்கள்

அதே கம்பெனியில் இன்னும் நான்கு பேருக்கு அதே குறை இருந்தது. டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட், லாரி காப்லன் என்பவர்கள் அந்த நால்வர். கம்பெனிக்கு வந்த பணத்தில் பெரும் பகுதி அவர்கள் செய்த விளையாட்டுகளால் வந்தது.

"எங்கள் பெயரைப் போடுங்கள். விற்பனையில் சிறு பங்கு கொடுங்கள்" என்பது அவர்களுடைய கோரிக்கை. தலைவர் மறுத்துவிட்டார். விளையாட்டைக் கட்டிப் பெட்டியில் வைக்கும் தொழிலாளிக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை என்ற தோரணையில் அவர் பேசியதாகக் கிரேன் பின்னாளில் கூறினார்.

நால்வரும் வெளியேறினார்கள். 1979-ம் ஆண்டில் "ஆக்டிவிஷன்" என்ற புதுக் கம்பெனி பிறந்தது. அங்கே ஒரு புது வழக்கம் வந்தது. விளையாட்டைச் செய்தவர் பெயர் வெளியே தெரியும்படி அச்சாயிற்று!

1982-ம் ஆண்டில் கிரேன் செய்த "பிட்பால்" என்ற விளையாட்டு 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெயரைப் போட்டதால் கம்பெனி கெட்டுப்போகவில்லை. செழித்தது.

ஓர் அம்மையாரின் ஆட்டம்

பெயர் மறைக்கும் பழக்கம் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தது அல்ல. அட்டையும் தாயக்கட்டையும் வைத்து ஆடிய காலத்திலும் இருந்தது.

"மொனாபலி" என்ற ஆட்டம் உலகப் புகழ் பெற்றது. தெருக்களை விலைக்கு வாங்குவது, வாடகை வசூலிப்பது, எதிரியை ஓட்டாண்டி ஆக்குவது என்று போகும் ஆட்டம். நம் வீடுகளில் "பிசினஸ்" என்று ஆடுவதும் அந்த வகைதான்.

இதைக் கண்டுபிடித்தவர் சார்லஸ் டாரோ என்பவர் என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். வேலை இழந்தவர், வறுமையில் வாடியவர், ஆட்டத்தைக் கண்டுபிடித்துக் கோடீசுவரர் ஆனவர் என்று கதை பரவியது.

உண்மை என்ன? அவருக்குச் சுமார் 30 ஆண்டுகள் முன்பே லிசி மேகி என்ற அம்மையார் அந்த ஆட்டத்தைக் கண்டிருந்தார். அவர் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர். நிலம் ஒரு சிலர் கையில் சேர்ந்தால் மற்றவர்கள் என்ன பாடு படுவார்கள் என்று காட்டவே அந்த ஆட்டத்தை அமைத்தார். "நிலக்கிழார் ஆட்டம்" என்று பெயர் வைத்தார். 1904-ம் ஆண்டில் சர்க்காரிடம் பேட்டண்டு உரிமையும் பெற்றார்.

ஆட்டம் ஊர் ஊராகப் பரவியது. ஆடியவர்கள் கையாலேயே அட்டை வரைந்துகொண்டார்கள். அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் ஆடியவர்கள் தங்கள் ஊர்த் தெருப் பெயர்களை எழுதினார்கள். அந்த அட்டை நண்பர் ஒருவர் மூலம் டாரோவிடம் வந்தது.

ஓர் எழுத்துப் பிழை அவரைக் காட்டிக் கொடுத்தது! "மார்வென் கார்டன்ஸ்" என்ற இடத்தை நண்பர் "மார்வின் கார்டன்ஸ்" என்று தவறாக எழுதியிருந்தார். டாரோவின் அட்டையிலும் அதே தவறு. பார்த்து எழுதினால் பிழையும் கூடவே வரும் அல்லவா?

1935-ம் ஆண்டில் "பார்க்கர் பிரதர்ஸ்" கம்பெனி டாரோவிடம் ஆட்டத்தை வாங்கியது. மேகி அம்மையாரின் பேட்டண்டு உரிமையையும் வாங்கியது. அவருக்குக் கிடைத்தது 500 டாலர். அவ்வளவுதான். விற்பனையில் பங்கு கிடையாது. 1948-ம் ஆண்டில் அவர் இறந்தார். அப்போதும் உலகம் டாரோவின் பெயரைத்தான் சொன்னது.

1970-களில் ரால்ப் ஆன்ஸ்பாக் என்ற பேராசிரியர், ஆட்டத்தின் பெயர் பற்றி வந்த வேறொரு வழக்குக்காகப் பழைய ஏடுகளைத் துருவினார். மேகி அம்மையாரின் கதை அப்போதுதான் வெளியே வந்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1983-ம் ஆண்டில் ஆன்ஸ்பாக் பக்கம் வெற்றி கிடைத்தது. அதைக் காண அம்மையார் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"யோசனையை எடுத்துக்கொண்டால் திருட்டு ஆகாதா? கோர்ட்டு தண்டிக்காதா?" என்று கேட்கலாம்.

பெரும்பாலும் தண்டிக்காது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பதிப்புரிமைச் சட்டம் யோசனைக்கு வேலி போடுவதில்லை. யோசனையை ஒருவர் எழுதிய விதத்துக்கும், வரைந்த விதத்துக்கும்தான் வேலி. 1978-ம் ஆண்டில் ஒரு நாடகம்-சினிமா வழக்கில் இந்திய சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது.

ஒருவர் வரைந்த படத்தை அப்படியே எடுத்தால் குற்றம். "எண்களைச் சேர்த்து ஆடும் ஆட்டம்" என்ற யோசனையை எடுத்து வேறு விதமாகச் செய்தால் குற்றம் இல்லை.

இது நியாயமா? யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பந்தை உதைத்து ஆடும் யோசனை ஒருவருக்கே சொந்தம் என்றால் வேறு யாரும் கால்பந்து ஆட முடியாதே! ஒருவர் யோசனையிலிருந்து இன்னொருவர் யோசனை பிறக்கிறது. கலை வளர்வதே அப்படித்தான்.

அப்படியானால் பெயர் சொல்லும் கடமை எங்கே இருக்கிறது? சட்டப் புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. படைப்பைச் செய்தவர் "இது என்னுடையது" என்று உரிமை கொண்டாட இந்தியச் சட்டத்தின் 57-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் "இந்த யோசனை இன்னாரிடமிருந்து வந்தது" என்று சொல்லும்படி எந்த வக்கீலும் வற்புறுத்த முடியாது. அது மனிதரின் நேர்மையில் இருக்கிறது.

14 மாதமும் சில நாட்களும்

2014-ம் ஆண்டு பிப்ரவரியில் "த்ரீஸ்" என்ற செல்போன் விளையாட்டு வந்தது. எண்களைத் தள்ளிச் சேர்க்கும் விளையாட்டு. ஆஷர் வோல்மர், கிரெக் வோல்வெண்ட் என்ற இருவர் 14 மாதம் பாடுபட்டுச் செய்தார்கள்.

பார்ப்பதற்கு மிக எளிய விளையாட்டு. அந்த எளிமையைக் கொண்டுவரத்தான் அத்தனை மாதம் ஆயிற்று. எத்தனையோ வடிவம் செய்து பார்த்துக் கழித்தார்கள்.

சில வாரங்களில் "1024" என்று ஒரு விளையாட்டு வந்தது. அதே சாயல். மார்ச் மாதத்தில் "2048" வந்தது. அதைச் செய்தவர் கேப்ரியலே சிருல்லி. இத்தாலி நாட்டவர். அப்போது வயது 19. ஒரு வார விடுமுறையில் செய்து இலவசமாக வெளியிட்டார். உலகமே அதை ஆடியது!

சிருல்லி உண்மையை மறைக்கவில்லை. தம் விளையாட்டு "1024"-ஐ ஒட்டியது என்றும், கருத்தில் "த்ரீஸ்" போன்றது என்றும் வோல்மரின் பெயரோடு எழுதினார். அந்த மட்டில் அவர் நேர்மையாக நடந்தார்.

பிறகு நடந்ததுதான் வேதனை. "2048"-ஐப் பார்த்து நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வந்தன. அவற்றில் பலவற்றில் பழைய பெயர்கள் உதிர்ந்துவிட்டன. கடைசியில் சிலர், "த்ரீஸ்தான் 2048-ஐப் பார்த்துச் செய்த நகல்" என்று பேசினார்கள்! அசல் நகல் ஆயிற்று. நகல் அசல் ஆயிற்று.

வோல்மரும் வோல்வெண்டும் தாங்கள் பாடுபட்ட நாட்களில் எழுதிக்கொண்ட கடிதங்களை வெளியிட்டார்கள். தங்கள் உழைப்பைத் தாங்களே நிரூபிக்க வேண்டிய நிலை!

ஒருவர் மட்டும் பெயர் சொன்னால் போதாது. அவரிடமிருந்து எடுப்பவரும் சொல்ல வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முதலில் உழைத்தவர் மறைந்து போகிறார்.

சொன்னவர் குறைந்து போனாரா?

"இன்னொருவரைப் பார்த்துச் செய்தேன் என்றால் மதிப்பு போய்விடுமே" என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீண்.

"மைன்கிராப்ட்" என்ற விளையாட்டைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். கட்டைகளை அடுக்கி வீடும் கோட்டையும் கட்டும் விளையாட்டு. 2009-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் அதை வெளியிட்டார்.

அதே ஆண்டில் அதற்கு முன்பே "இன்பினிமைனர்" என்ற விளையாட்டு வந்திருந்தது. செய்தவர் அமெரிக்கரான சாக் பார்த். கட்டைகளால் ஆன உலகம் அதில் இருந்தது. அதிலிருந்து தமக்கு யோசனை வந்தது என்று பெர்சன் வெளிப்படையாக எழுதினார்.

அதனால் அவருக்கு நஷ்டமா? 2014-ம் ஆண்டில் "மைக்ரோசாப்ட்" கம்பெனி பெர்சனின் கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-ம் ஆண்டுக்குள் அந்த விளையாட்டு 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. சாக் பார்த்தின் பெயரும் அதோடு சேர்ந்து நிற்கிறது.

"பப்ஜி" என்றால் என்ன?

தமிழ்நாட்டு வீடுகளில் பெற்றோரைப் படாத பாடு படுத்திய பெயர் "பப்ஜி". 2020-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் அதன் செல்போன் விளையாட்டுக்குத் தடை போட்டது. அந்தப் பெயரின் விரிவு என்ன தெரியுமா? "பெயர் தெரியாத ஆட்டக்காரரின் போர்க்களங்கள்"!

யார் அந்தப் பெயர் தெரியாத ஆட்டக்காரர்? பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர். அவர் பெரிய கம்பெனியில் இருந்தவர் அல்ல. பிறர் செய்த விளையாட்டை எடுத்து அதில் புதுமை புகுத்தும் ரசிகர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களில் ஒருவர். அந்த ரசிகர் உலகத்தில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்தான் "பெயர் தெரியாத ஆட்டக்காரர்".

தென்கொரியக் கம்பெனி ஒன்று அவரை அழைத்து வேலை கொடுத்தது. 2017-ம் ஆண்டில் விளையாட்டு வந்தபோது அவருடைய புனைபெயரையே தலைப்பில் வைத்தது! கடைசி ஒருவர் மிஞ்சும் வரை மோதும் யோசனை, 2000-ம் ஆண்டில் வந்த "பேட்டில் ராயல்" என்ற ஜப்பான் சினிமாவைப் பார்த்து எழுந்தது என்று கிரீனும் ஒளிக்காமல் சொன்னார்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. "பப்ஜி"யின் கம்பெனி 2018-ம் ஆண்டில் "போர்ட்நைட்" விளையாட்டு தங்களைப் பார்த்துச் செய்ததாக வழக்குப் போட்டது. சில மாதங்களில் வழக்கைத் திரும்பப் பெற்றது. யோசனை பெற்றவரும், யோசனை போனதாக முறையிடுபவரும் ஒருவரே ஆவதும் உண்டு.

பெரிய கம்பெனி திருந்தியது

"போர்ட்நைட்" செய்யும் "எபிக்" மிகப் பெரிய கம்பெனி. 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் அது ஒரு புது ஆட்டத்தைச் சேர்த்தது. கூட்டத்தில் சிலர் வேஷதாரிகள். மற்றவர்கள் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பார்த்தவர்கள் உடனே, "இது அமாங் அஸ் அல்லவா?" என்றார்கள். "அமாங் அஸ்" சிலரே சேர்ந்து நடத்திய சிறு கம்பெனியின் விளையாட்டு. 2018-ம் ஆண்டில் வந்தது. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்குத் துணையாக இருந்தது.

அந்தச் சிறு கம்பெனியினர் வருந்தினார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சேர்ந்தே செய்திருக்கலாமே என்பது அவர்கள் மனக்குறை. வழக்கு போடவில்லை. ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள்.

அக்டோபரில் "எபிக்" இறங்கி வந்தது. இந்த ஆட்டத்துக்குத் தூண்டுதல் "அமாங் அஸ்" என்று பெயரைச் சொல்லி எழுதியது. 2022-ம் ஆண்டில் இரண்டு கம்பெனியும் கை கோத்துக்கொண்டன. ஒரு வரி எழுதியதில் பகை நட்பாயிற்று!

"அமாங் அஸ்" செய்தவர்களும் சுயம்பு அல்ல. மாஸ்கோவில் 1980-களில் டிமித்ரி டேவிடாப் என்ற மாணவர் அமைத்த "மாபியா" என்ற ஆட்டத்திலிருந்து யோசனை பெற்றவர்கள்தான். அதை அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

பரமபதம் சொல்லும் பாடம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடுவார்கள். புண்ணியம் செய்தால் ஏணி. பாவம் செய்தால் பாம்பு. இந்திய மண்ணில் பிறந்த ஆட்டம். வடநாட்டில் "ஞான சௌபர்" என்றார்கள்.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் அது இங்கிலாந்துக்குப் போய் "பாம்பும் ஏணியும்" ஆயிற்று. இன்று உலகக் குழந்தைகள் எல்லாம் ஆடுகிறார்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? முதலில் கட்டம் போட்டவரின் பெயர் காலத்தோடு மறைந்துவிட்டது.

அன்று எழுதி வைக்க வசதி இல்லை. இன்று அந்தச் சாக்கு செல்லாது. செல்போனில் ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

வீட்டில் சொல்ல வேண்டியது

இன்று விளையாட்டைப் பெரிய கம்பெனிகள் மட்டும் செய்யவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்கிறான். வேறொருவர் கட்டிய கோட்டையைப் பார்த்துத் தானும் கட்டி வீடியோ போடுகிறான். வேறொருவர் கண்ட உபாயத்தைத் தன் குரலில் சொல்லிக் கொடுக்கிறாள் ஒரு பெண். அதில் தவறு இல்லை. பார்த்துப் பழகுவதுதான் கல்வி.

ஆனால் பெற்றோர் ஒன்று கேட்க வேண்டும்: "இதை யாரிடம் கற்றாய்? அவர் பெயரைப் போட்டாயா?"

போட வேண்டியது மூன்றே விஷயம். யாருடைய யோசனை? அதை எங்கே பார்த்தாய்? நீ புதிதாகச் சேர்த்தது என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதும்போது, தன் சொந்த உழைப்பு எது என்று பிள்ளைக்கே விளங்கும்.

படத்தையோ பாட்டையோ அப்படியே எடுத்தால் பெயர் போட்டு மட்டும் தப்ப முடியாது. அதற்கு உரியவரின் அனுமதி வேண்டும். இதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

இன்று பிறர் பெயரை விடும் பிள்ளை நாளைக்குத் தானும் ஒன்றைப் படைப்பான். அப்போது அவன் பெயரை இன்னொருவன் விடுவான். அன்று அவன் யாரிடம் முறையிடுவான்?

மேகி அம்மையார் தம் பெயருக்கு மரியாதை கிடைப்பதைக் காணாமலே இறந்தார். ராபினெட் தம் பெயரை ஒரு புள்ளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். இனி யாரும் அப்படி ஒளிந்து கையெழுத்துப் போட வேண்டிய நிலை வரக்கூடாது. அதற்கு ஆகும் செலவு ஒரே ஒரு வரி!